இரண்டே சொல்லில் படித்த சமையல்

தில்லைநாயகிக்கு வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக நான் ஒரு பொய் சொன்னேன். ஜிஸ்லேன் பொய் சொல்லத் தெரியாத பிள்ளை என்று புதுச்சேரியில் என் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீகள் எல்லாரிடமும் சொல்வார்கள். அவர்களுடைய நம்பிக்கையை என் நாற்பத்தாறாவது வயதில் கெடுத்தேன்.

1984ஆம் ஆண்டு, அக்டோபர் மாதம். பாரிசில் மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், வயதானவர்களுக்கு வீட்டு உதவிக்கு ஆள் பார்த்துக் கொடுக்கும் சிறிய சங்கம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலை இசபெல் ரூபோ என்ற பெண் வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். லில் நகரத்தில் பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா எமில் ரூபோ, லா ஷப்பேல் ரயில் பணிமனையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தொன்று. மனைவி இறந்தபின் தனியாக இருந்தவருக்கு ஏப்ரலில் பக்கவாதம் வந்தது. வலக்கை விழுந்துவிட்டது. வலக்கால் பாதி. பேச்சு முழுவதும்.

“இரண்டே சொல்தான் மிச்சம்,” என்றார் இசபெல். “வேண்டாம் என்றால் ‘நோன்’. சரி, அதுதான் என்றால் ‘வொலா’. அப்புறம் ஒரு கெட்ட வார்த்தை இருக்கிறது, அது தானாக வந்துவிடும். மற்றவர்கள் சொல்வதெல்லாம் அவருக்குப் புரிகிறது. பதில்தான் வாயில் வருவதில்லை.”

காலையில் ஒரு நர்ஸ் வந்து குளிப்பாட்டினார். வாரம் இருமுறை பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். சாப்பாடுதான் பிரச்சினை. மூடி போட்ட பெட்டியில் வந்த மதிய உணவு தொட்டது பாதி தொடாதது பாதியாகத் திரும்பிப் போயிற்று. ஆறு மாதத்தில் பதினொரு கிலோ இறங்கிவிட்டார்.

“நல்ல பிரெஞ்சுச் சமையல் தெரிந்த ஒருவர் வேண்டும். இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் குழாய் வைத்துத்தான் உணவு கொடுக்க வேண்டும் என்கிறார் டாக்டர்.”

புதன்கிழமை தில்லைநாயகி வந்தார். யாருடையதோ ஒரு பெரிய கோட்டு, கையில் பிளாஸ்டிக் உறை. உறைக்குள் ரெசெப்பிசே, அதாவது தற்காலிகமாகத் தங்கி வேலை பார்க்க அனுமதிக்கும் தாள். வயது முப்பத்தொன்பது என்று அதில் இருந்தது.

“அக்கா, நீங்கள் தமிழெண்டு கீழை கடையிலை சொல்லிச்சினம். எனக்கு ஒரு வேலை வேணும்.”

“என்ன வேலை செய்வீங்க?”

“ஊரிலை சங்கக்கடையிலை மனேச்சரா இருந்தனான். பத்து வருசம்.” கூட்டுறவுக் கடையில் மேலாளர். அதைச் சொல்லும்போது முதுகு நிமிர்ந்தது. உடனே, “இஞ்சை என்ன வேலையெண்டாலும் செய்வன்,” என்றார்.

“சமைப்பீங்களா?”

“எங்கட சமையல் வடிவாச் செய்வன்.”

“பிரெஞ்சு?”

“பொன்ஜூர். மெர்சி,” என்று சொல்லிவிட்டு, வேறு ஒன்றும் இல்லை என்பதுபோல் கையை விரித்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து கணவர் தவரத்தினத்தோடு வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கணவர் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். பிள்ளைகள் இல்லை. ஒற்றை அறையில் பகல் முழுவதும் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தில்லைநாயகி சொன்னார். கெஞ்சவில்லை. காலநிலையைச் சொல்வதுபோல் சொன்னார்.

அன்று மாலையே இசபெலுக்குத் தொலைபேசியில் சொன்னேன்: “ஆள் கிடைத்துவிட்டார். பிரெஞ்சுச் சமையல் தெரிந்தவர்.” பேச முடியாதவரும் பேசத் தெரியாதவரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் கூச்சப்பட மாட்டார்கள் என்று நினைத்தேன் என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் அப்படியெல்லாம் யோசிக்கவில்லை. அந்தப் பெண்ணைப் படியிறங்கிப் போகவிட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

எமில் ரூபோவின் வீடு ஒலிவ் தெருவில், சந்தைக் கட்டடத்துக்கு நேர் எதிரே, மூன்றாவது மாடியில் இருந்தது. தெருவுக்குப் பெயர்தான் ஒலிவ். மரம் ஒன்றும் கிடையாது. முதல் நாள் தில்லைநாயகி குழைய வேகவைத்த சோறும், காரமில்லாத பருப்பும் கொடுத்தார். “நோன்.” இரண்டாம் நாள் உருளைக்கிழங்கும் முட்டையும். “நோன்.” மூன்றாம் நாள் வெங்காயம் வதக்கி மீன் செய்தார். எமில் இடக்கையால் தட்டைத் தள்ளினார். அது தரையில் விழுந்து உடைந்தது. அவரே அதைப் பார்த்து அதிர்ந்துபோய்க் கண்ணை மூடிக்கொண்டாராம்.

தில்லைநாயகி தரையைத் துடைத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார்.

“அக்கா, அந்த மனுசன் பசியிலை இருக்குது. நான் சமைச்சு வைச்சிட்டுப் பாத்துக்கொண்டு நிக்கிறன். இது பாவம். வேறை ஆளைப் பாருங்கோ.”

“நாளைக்கு ஒரு நாள் போங்கம்மா. நாளைக்கும் சாப்பிடலன்னா நானே மகளுக்குச் சொல்லிடறேன்.”

நான்காம் நாள், தரை துடைக்கும் துணியைத் தேடிப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே குனிந்தவர், சோப்புத்தூளுக்குப் பின்னால் ஐந்து லிட்டர் டின் ஒன்றைக் கண்டார். மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். ஒலிவ் எண்ணெய். அவருக்குத் தெரிந்த எண்ணெய்தான். யாழ்ப்பாணத்தில் மருந்துக்கடையில் சின்னப் போத்தலில் விற்பார்கள். பிறந்த குழந்தைக்கு உடம்பில் பூசிக் கைகால் உருவிவிடுவார்கள். புதுச்சேரியில் எங்களுக்கும் அது பாதிரியார் நெற்றியில் தொட்டு வைக்கும் எண்ணெய்தான். எங்களில் ஒருவரும் அதைத் தின்றதில்லை.

எனவே அவர் இப்படிக் கணக்குப் போட்டார்: கை விழுந்த மனிதன் இருக்கும் வீடு, இவ்வளவு பெரிய டின். வைத்தியர் சொல்லி மகள் வாங்கி வைத்திருக்கிறாள். ஒருத்தரும் பூசிவிடவில்லை! அவருக்குக் கோபமே வந்தது. ஒரு கிண்ணத்தில் எண்ணெயை ஊற்றி, அதைச் சுடுதண்ணீரில் நிறுத்தி, இளஞ்சூடானதும் எடுத்துக்கொண்டு வந்தார். சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்த எமிலின் வலது சட்டைக்கையை மடித்துவிட்டு, தோளிலிருந்து விரல் நுனிவரை உருவத் தொடங்கினார்.

“முதல் மூக்குத்தான் அக்கா அசைஞ்சுது,” என்று பிறகு எனக்குச் சொன்னார். “பிறகு தலையை நிமித்தினார். பிறகு என்ரை முகத்தைப் பாத்தார். வந்து நாலு நாளிலை அண்டைக்குத்தான் என்னைப் பாத்தவர்.”

காலையில் மிஞ்சிய ரொட்டி மேசையில் கிடந்தது. எமில் இடக்கையை நீட்டி அதை எடுத்தார். பல்லால் ஒரு துண்டு பிய்த்தார். அதை அந்தக் கிண்ணத்தில் முக்கி வாயில் வைத்துக்கொண்டார்.

“ஐயோ, மிஸ்யூ! நோன்! நோன்! அது பூசுற எண்ணெய்!”

தில்லைநாயகி கிண்ணத்தைப் பிடித்து இழுத்தார். எமில் ஒற்றைக் கையால் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இரண்டு பேரும் சிறுபிள்ளைகள்போல் இழுத்ததில் எண்ணெய் மேசை முழுவதும் சிந்தியது. எமிலின் வாய் மென்றுகொண்டே இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னார்:

“வொலா.”

தில்லைநாயகி கையை எடுத்துவிட்டார். எமில் அந்த ரொட்டி முழுவதையும் முக்கி முக்கித் தின்று தீர்த்தார். அவர் தின்று முடித்தபின் தில்லைநாயகியும் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். முதலில் புல் வாசம், பிறகு வேப்பம்பூவைப்போல ஒரு மெல்லிய கசப்பு, கடைசியில் தொண்டையில் மிளகுபோல ஓர் உறைப்பு. இதைக் குடிக்கிற மனிதனுக்கு நான் உறைப்பில்லாத பருப்பைக் கொடுத்தேனே என்று சிரிப்பு வந்ததாம்.

மறுநாளிலிருந்து எமில் சமையலறையில் அடுப்புக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். தில்லைநாயகி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார். வெங்காயம். “நோன்.” தக்காளி. “நோன்.” பூண்டு. “வொலா.” இரண்டு பல் உரித்தார். “நோன்.” நாலு. “நோன்.” எட்டாவது பல்லுக்குத்தான் “வொலா” வந்தது. அலமாரியில் ஒரு போத்தலைக் கண்ணால் காட்டினார். அதில் சாம்பல் நிறத்தில் காய்ந்த இலைகள் இருந்தன. இரண்டு இலை. தண்ணீரில் பூண்டும் இலையும் கொதித்தன. இனித் தாளிக்க வேண்டும் என்று தில்லைநாயகி எண்ணெய்ச் சட்டியை எடுத்தாரோ இல்லையோ, எமிலின் ஊன்றுகோல் தரையில் தட்டியது. “நோன்! நோன்!” தட்டில் ரொட்டித் துண்டை வை, அதன்மேல் கொதித்த நீரை ஊற்று, எல்லாம் ஆனபிறகு பச்சை எண்ணெயை மேலே விடு. இவ்வளவையும் விரலாலும் அந்த இரண்டு சொல்லாலும் சொல்லிவிட்டார்.

“பச்சை எண்ணெய் அக்கா! அடுப்பிலையே வைக்கேல்லை!”

“நாங்க இட்லிப் பொடிக்கு நல்லெண்ணெய் ஊத்திக்கறது இல்லையா?” என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். “ஓம். அது சரிதான்.”

அன்றிலிருந்து அவருக்கு அந்தச் சமையல் பிடிபட்டது. அதில் செய்வதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, செய்யாமல் விடுவதற்குத்தான் நிறைய இருந்தது. கொண்டைக்கடலையை வெண்ணெய்போல வேகவைத்து, சூடாகவே எண்ணெயும் நறுக்கிய வெங்காயமும் சேர்த்துக் கொடுப்பார். கத்தரிக்காயை இரண்டாகப் பிளந்து கீறி, கீறலுக்குள் பூண்டு வைத்துச் சுடுவார். ஒருநாள் எமில் இடக்கையால் ஒரு படம் வரைந்து காட்டினார். அது ஷூ மாதிரி இருந்தது. தில்லைநாயகி அதை எடுத்துக்கொண்டு எதிர்ச் சந்தைக்குப் போய்க் கடைகடையாகக் காட்டினார். கடைசியில் மீன்கடைக்காரர்தான் கண்டுபிடித்தார். உப்புப் போட்டுக் காயவைத்த பெரிய வெள்ளை மீன். “கருவாடு அக்கா! வெள்ளைக்காரனும் கருவாடு தின்னுறான்!” ஒரு நாள் முழுக்க ஊறவைத்து, முள் எடுத்து, உருளைக்கிழங்கோடும் எண்ணெயோடும் மசித்தார்கள். மசிப்பதில் எமிலும் இடக்கையால் பங்கெடுத்தார்.

வீட்டில் தவரத்தினத்துக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. “பிள்ளையளுக்குப் பூசுறதைத் தின்னுறியோ?” என்று முகத்தைச் சுளித்தார். அந்த உப்பு மீனைக் கொஞ்சம் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தபிறகு அந்தப் பேச்சு நின்றது.

டிசம்பரில் ஒருநாள் தில்லைநாயகி மூச்சு வாங்க என் அலுவலகத்துக்கு வந்தார். முகம் சிவந்திருந்தது.

“அக்கா, ஒரு சாமான் வேண்டக் கேட்டனான். கடைக்காரன் வாயைப் பிளந்துகொண்டு நிண்டான். பிறகு எல்லாரையும் கூப்பிட்டுச் சிரிச்சான்.”

“என்ன கேட்டீங்க?”

“உப்புத்தான். வீட்டிலை முடிஞ்சுபோச்சு. ‘மெர்த், ஒரு கிலோ’ எண்டு கேட்டன்.”

நான் வாயைப் பொத்திக்கொண்டேன். சாப்பாட்டில் உப்புக் குறைந்தபோதெல்லாம் எமிலின் வாயில் அந்தக் கெட்ட வார்த்தை தானாக வந்திருக்கிறது. இவர் அதைக் கேட்டு உப்பைப் போட, “வொலா” வந்திருக்கிறது. உப்புக்கு அதுதான் பெயர் என்று இரண்டு மாதமாக நினைத்திருக்கிறார்.

“தில்லை, அது உப்பு இல்லம்மா. நீங்க ஒரு கிலோ மலம் கேட்டிருக்கீங்க.”

முதலில் அவர் கோட்டுக் கழுத்துக்குள் முகத்தைப் புதைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து எழுந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். பாரிசுக்கு வந்தபிறகு அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான் என்றார். உப்பு என்றால் ‘செல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

மறுநாள் அவர் உப்புப் பெட்டியை எமிலின் முகத்துக்கு நேரே நீட்டி, விரலை ஆட்டி, “மிஸ்யூ! செல்! செல்!” என்று கண்டித்திருக்கிறார். விஷயம் புரிந்ததும் எமில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து ஓய்ந்தபின் வாயைக் கோணி, மூச்சைப் பிடித்து, “செ… செல்” என்றார். எட்டு மாதத்தில் வந்த மூன்றாவது சொல் அது. பேச்சுப் பயிற்சி கொடுத்தவர் அதைக் கேட்டுவிட்டு, இனி என் பயிற்சியையும் சமையலறையிலேயே நடத்துகிறேன் என்று நாற்காலியை அங்கே நகர்த்திக்கொண்டார். நல்ல மனிதர்.

பிப்ரவரியில் ஒரு மதியம் என் தொலைபேசி அடித்தது. இசபெல். “மதாம் ஜிஸ்லேன், அப்பா வீட்டிலிருந்து பேசுகிறேன். கொஞ்சம் வர முடியுமா? இப்போதே.”

பொய் வெளிப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டே மூன்று மாடி ஏறினேன். எமில் கழுத்தில் துணி கட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இசபெல் கோட்டைக்கூடக் கழற்றாமல் நின்றார். தில்லைநாயகி சுவரோரம் நின்றார். தட்டில் அந்தப் பூண்டுத் தண்ணீர்.

“இதை இவர் எங்கே படித்தார் என்று கேளுங்கள்,” என்றார் இசபெல்.

கேட்டேன். நான் சொல்லி வைத்திருந்த பொய் தில்லைநாயகிக்குத் தெரியாது. “எனக்கு ஒண்டும் தெரியாமத்தான் வந்தனான் எண்டு சொல்லுங்கோ. எல்லாம் இவர்தான் சொல்லித் தந்தவர்.”

வேறு மாதிரி மொழிபெயர்த்திருக்கலாம். இரண்டாவது பொய்க்கு எனக்குத் தைரியம் இல்லை. “அவருக்குப் பிரெஞ்சுச் சமையல் எதுவும் தெரியாது. நான் உங்களிடம் சொன்னது உண்மையில்லை. உங்கள் அப்பாதான் கற்றுக்கொடுத்திருக்கிறார்.”

“அப்பாவா? அப்பாவால் பேச முடியாதே.”

“வொலா,” என்றார் எமில், பெருமையாக.

இசபெல் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். பிறகு சொன்னார். அவருடைய அப்பா மனோஸ்க் நகரத்துக்குப் பக்கத்துத் தெற்கத்தி ஊர்க்காரர். அம்மா வடக்கத்தி, வெண்ணெயில்தான் சமைப்பார். எண்ணெய் வாசம் அவருக்கு ஆகாது. ஒவ்வொரு ஜனவரியிலும் அப்பாவின் தங்கை அனுப்பும் டின் அதனால்தான் தொட்டிக்குக் கீழேயே இருந்தது. வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் மட்டும் அப்பா அடுப்புக்கு வருவார், இந்தப் பூண்டுத் தண்ணீர் வைப்பார். “எனக்கு ஏழு வயதில் வைத்துக் கொடுத்தார். எப்படி மறந்தேன் என்று தெரியவில்லை. போன செப்டம்பரில் அந்த டின்னைத் தூக்கிக் குப்பையில் போடப் போனேன். கனமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.”

நாங்கள் பேசி முடிப்பதற்குள் தில்லைநாயகி இன்னொரு தட்டில் ரொட்டி வைத்து ஊற்றி, எண்ணெய் விட்டு, இசபெலுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தார். இசபெல் கோட்டோடு சாப்பிட்டார். முடித்ததும் எழுந்து தில்லைநாயகியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். தில்லைநாயகி என்ன செய்வதென்று தெரியாமல் கும்பிட்டுவிட்டார். எமில் அதற்குள் ஏழு கிலோ கூடியிருந்தார்.

வாசலில் இசபெல் என்னிடம், “இன்னொரு முறை பொய் சொல்வதானால் இப்படிப்பட்டவருக்காகவே சொல்லுங்கள்,” என்றார். அவருக்கு நான் பட்ட நன்றிக்கடன் கொஞ்சமல்ல.

அந்த ஆண்டுக் கடைசியில், ஒலிவ் பறிக்கும் காலத்தில், இசபெல் அப்பாவை ஊருக்கு அழைத்துப்போனார். தில்லைநாயகி வராமல் எமில் ரயிலேற மறுத்ததால் அவரும் போனார். கற்பனை செய்ததைப்போல ஒலிவ மரங்கள் பெரியவை இல்லை, புழுதி படிந்த மாதிரி நிறம், ஆனால் காற்றடித்தால் இலையெல்லாம் வெள்ளியாகத் திரும்புகிறது என்று தில்லைநாயகி வந்து என்னிடம் சொன்னார். எமிலுக்கு அப்போது முப்பது சொல் வந்திருந்தது, பெரும்பாலும் சாப்பாட்டுச் சாமான்களின் பெயர்கள். வாசலில் அவருடைய தங்கை மரி-லூயிஸ் வந்து நின்றதும், அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு போராடி, “லூயிஸ்” என்றார். அந்த அம்மாள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சமையலறையில் இரண்டு பெண்களும் சேர்ந்து சமைத்தார்கள். மரி-லூயிஸ் வேகமாகப் பேசியும் தில்லைநாயகிக்கு ஒரு சொல் தவறாமல் விளங்கியது. “அவ உள்ளி குறைச்சுப் போடுறா அக்கா. நான் சொன்னன், மிஸ்யூவுக்கு எட்டுப் பல்லு எண்டு. அவ கேக்கேல்லை. அவர் ஒரு வாய் வைச்சிட்டு ‘நோன்’ எண்டிட்டார்!”

எமில் 1988 வசந்தத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தூக்கத்திலேயே போனார். லா ஷப்பேல் தேவாலயத்தில் இறுதிப் பூசை நடந்தது. கருநீலச் சேலையும் பொட்டுமாகப் பின்வரிசையில் நின்ற தில்லைநாயகியை இசபெல் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில், தனக்கும் மரி-லூயிசுக்கும் நடுவே உட்காரவைத்தார். அன்று அவர் அழுததைப் பார்த்து, இறந்தவருக்கு என்ன உறவு என்று இரண்டு பேர் என்னைக் கேட்டார்கள்.

சில மாதம் கழித்து, பாரிசுக்கு வடக்கே கார்ஜ் லே கொனெஸ் என்ற ஊரில், குழந்தைகள் காப்பகம் ஒன்றில் சமையலுக்கு ஆள் தேவை என்று கேள்விப்பட்டு அனுப்பினேன். இம்முறை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவரே பேசினார். பேசிய பிரெஞ்சு முழுவதும், கடைசி வருடங்களில் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு திரும்பியிருந்த எமிலுடையது. ரொட்டிக்குப் பாரிஸ்காரர்கள் சொல்லும் சொல் மூக்கோடு முடிந்துவிடும். எமில் தெற்கத்தி வழக்கப்படி ‘பெங்’ என்று அழுத்திச் சொல்வார். தமிழ் நாக்குக்கு அது சுலபம். நேர்காணல் செய்த பெண்மணி ஆச்சரியப்பட்டு, “மதாம், நீங்கள் தெற்கிலிருந்தா வருகிறீர்கள்?” என்று கேட்டாராம்.

“இல்லை மதாம், வடக்கு. இலங்கையிலை வடக்கு,” என்று பதில் சொல்லியிருக்கிறார். வேலை கிடைத்தது.

இப்போது அவர்கள் கார்ஜில் இரண்டு அறை வீட்டில் இருக்கிறார்கள். சில ஞாயிறுகளில் நான் ரயிலேறிப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறேன். மீன்குழம்பும் சோறும் இருக்கும், பக்கத்தில் எண்ணெய் விட்ட கொண்டைக்கடலையும் இருக்கும். தவரத்தினம் இரண்டையும் கலந்து சாப்பிடுகிறார். சென்ற முறை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தில்லைநாயகி சொன்னார்:

“நான் மிஸ்யூவைப் பாத்தனான் எண்டு எல்லாரும் எனக்கு நன்றி சொல்லுகினம். வந்த ஆறு மாசமும் எல்லா இடத்திலையும் எனக்குப் படிவம் தந்தவை அக்கா. ஒருத்தரும் ஒண்டும் சொல்லித் தரேல்லை. அவை என்ன செய்வினம், எனக்குத்தான் பாசை இல்லையே. வாய் பேச ஏலாத மனுசன்தான் பொறுமையா இருந்து சொல்லித் தந்தவர். நான் பிழை விட்டா ‘நோன்’ எண்டார், சரியெண்டா ‘வொலா’ எண்டார். அப்பிடி ஒராள் கிடைச்சது என்ரை நல்ல காலம்.”

பிறகு எழுந்துபோய் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்தார். காப்பகத்தில் வேலையை நிரந்தரமாக்கியிருந்தார்கள். மொழிபெயர்க்கச் சொல்கிறார் என்று நினைத்துக் கண்ணாடியைத் தேடினேன். அவர் கடிதத்தை என்னிடம் தரவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் நின்றபடி, தேதியிலிருந்து கையெழுத்துவரை, பிரெஞ்சில் உரக்க வாசித்துக் காட்டினார்.